இதழறமும் இதழ்ச்சட்டமும்

நுழையும்முன்

செய்தித்தாளில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று வரையறுப்பது யார்? அரசு இயற்றும் சட்டமா, சந்தா கட்டும் வாசகரா, எழுதுபவரின் மனச்சான்றா? இவ்வினா இன்று எழுந்ததன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இம்மூன்றுக்கும் நடுவில் நின்று, ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரண்டு இதழ்களை வளர்த்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். தமிழ் நாளிதழின் வரலாறு அவர் வாழ்வோடு பிணைந்தது.

திருவையாற்றிலிருந்து திருவல்லிக்கேணிக்கு

தஞ்சை மாவட்டத்தில் காவிரிக்கரையில் அமைந்த திருவையாற்றில், 1855ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் சுப்பிரமணிய ஐயர் பிறந்தார். தந்தையார் கணபதி தீட்சிதர் அவ்வூர் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்காடியவர். பிள்ளைகள் பலர் நிறைந்த அக்குடும்பம், சுப்பிரமணியர் சிறுவராக இருந்தபோதே தந்தையை இழந்தது. ஊரில் தொடக்கக் கல்வி, தஞ்சையில் கல்லூரிக் கல்வி என அவர் வளர்ந்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பள்ளி ஆசிரியரானார். பணியில் இருந்தவாறே தனியாகப் படித்து 1877இல் இளங்கலைப் பட்டமும் பெற்றார்.

அவர் பட்டம் பெற்ற அக்காலம் தென்னிந்தியாவுக்குக் கொடிய காலம். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். ஊர்களில் மக்கள் சோறின்றிச் சாக, அரசின் ஆவணங்கள் நிலவரியைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தன. சென்னையில் அன்று செல்வாக்குடன் விளங்கிய ஆங்கில நாளிதழ்கள் ஐரோப்பியர்களால் நடத்தப்பட்டவை. அவற்றில் வணிகரின் குறை இடம்பெறும். அலுவலரின் விருந்து இடம்பெறும். உழவரின் குறைக்கு அங்கு இடம் குறைவு. நாட்டு மக்களின் பக்கம் நின்று ஆட்சியாளரின் மொழியிலேயே பேசக்கூடிய இதழ் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிய இளைஞர்களிடம் உருவாயிற்று.

அவ்வெண்ணத்தைச் செயலாக்க ஒரு நிகழ்ச்சி தூண்டுகோலானது. சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக தி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டார். அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவர். ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் இந்நியமனத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதின. அவ்வெழுத்துக்கு மறுப்பு எழுத நாட்டு மக்களிடம் ஓர் இதழ் இல்லை. ஆசிரியர்கள் இருவரும் சட்ட மாணவர்கள் நால்வரும் கூடினர். ஆசிரியர்கள் சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாச்சாரியாரும் ஆவர். ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878, செப்டம்பர் 20ஆம் நாள் 'தி இந்து' என்னும் ஆங்கில வார இதழின் முதல் இதழை எண்பது படிகள் அச்சிட்டு வெளியிட்டனர். தங்க சாலையில் இருந்த ஓர் அச்சகத்தில் அது அச்சானது. ஆசிரியர் பொறுப்பேற்ற சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது இருபத்துமூன்று.

அதே ஆண்டில் பிறந்த சட்டம்

'தி இந்து' தோன்றுவதற்கு ஆறு திங்களுக்கு முன்பு, 1878 மார்ச்சு 14ஆம் நாள், வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசு தாய்மொழி இதழ்கள் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. இந்திய இதழியல் வரலாற்றில் வாய்ப்பூட்டுச் சட்டம் என்றே இது அழைக்கப்படுகிறது. விவாதத்துக்குப் போதிய காலம் தராமல் ஒரே அமர்வில் நிறைவேற்றப்பட்ட சட்டம் அது.

அச்சட்டத்தின் செயல்முறையை அறிந்துகொள்ளுதல் தேவை; பின்னர் வந்த பல சட்டங்களுக்கு அதுவே அச்சு. இந்திய மொழி இதழ் ஒன்றின் அச்சிடுபவரையும் வெளியிடுபவரையும் மாவட்ட ஆட்சியர் அழைத்து, அரசின்மீது வெறுப்பைத் தூண்டும் எதனையும் வெளியிடுவதில்லை என்று பிணைமுறி எழுதித் தரச் சொல்லலாம். பிணைத்தொகையும் கட்டச் சொல்லலாம். முறியை மீறியதாக அரசு கருதினால் தொகை பறிபோகும். அச்சுப்பொறியும் பறிமுதல் செய்யப்படும். இதனை எதிர்த்து நீதிமன்றம் செல்ல வழியில்லை. பிணைமுறி தர விரும்பாதவர், அச்சிடும் முன்பே தம் இதழின் மெய்ப்புப் படிகளை அரசு அலுவலரிடம் காட்டி இசைவு பெறலாம். குற்றம் சாட்டுபவரும் விசாரிப்பவரும் தண்டிப்பவரும் அரசே. தண்டனையைவிட இதுவே கொடியது.

ஆங்கில இதழ்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆதலால் வங்காளத்தில் இருமொழியில் வந்துகொண்டிருந்த 'அமிர்த பசார் பத்திரிகா' சில நாள்களுக்குள் முழு ஆங்கில இதழாக மாறிச் சட்டத்தின் பிடியிலிருந்து விலகியது. சென்னை மாகாணத்துக்கு இச்சட்டம் நீட்டிக்கப்படவில்லை. ஆயினும் ஒரே கருத்து ஆங்கிலத்தில் எழுதப்பட்டால் குற்றமன்று, தாய்மொழியில் எழுதப்பட்டால் குற்றம் என்னும் நிலை, படித்த இளைஞர்களுக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. ஆங்கிலம் அறிந்த சிலரின் கருத்துக்கு ஆட்சி அஞ்சவில்லை. தாய்மொழியில் படிக்கும் பலரை எண்ணியே அஞ்சியது. சுப்பிரமணிய ஐயர் நான்கு ஆண்டுகள் கழித்துத் தமிழில் இதழ் தொடங்கியதை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும். லிட்டனின் சட்டம் அடுத்து வந்த ரிப்பன் பிரபுவின் காலத்தில் நீக்கப்பட்டது.

எண்ணும் சான்றும்

'தி இந்து' 1883இல் வாரம் மும்முறை வரும் இதழாகவும், 1889 ஏப்பிரல் முதல் நாளிதழாகவும் வளர்ந்தது. மவுண்ட் சாலையில் சொந்த அச்சகத்துடன் இயங்கத் தொடங்கியது 1883இன் இறுதியில். அவ்வளர்ச்சிக்குச் சுப்பிரமணிய ஐயர் கைக்கொண்ட எழுத்துமுறை பெருங்காரணம்.

அரசைக் குறைகூறும்போது அவர் அரசின் ஆவணங்களையே சான்றாக எடுத்தாண்டார். நிலவரி வருவாய் எவ்வளவு, பாசனத்துக்குச் செலவு எவ்வளவு, படைச்செலவு எவ்வளவு, இங்கிலாந்துக்கு ஆண்டுதோறும் செல்லும் தொகை எவ்வளவு என்பவற்றை அரசு வெளியிடும் அறிக்கைகளிலிருந்தே எடுத்துக்காட்டி வாதிட்டார். பெரும்பஞ்சத்தை மழை பொய்த்ததன் விளைவாக மட்டும் காணாமல், வரிமுறையோடும் தொழில் நலிவோடும் சேர்த்து ஆராய்ந்தார். இவ்வாறு பல ஆண்டுகள் எழுதிய பொருளியல் கருத்துகளைத் தொகுத்து 1903இல் ஆங்கில நூலாகவும் வெளியிட்டார். தாதாபாய் நௌரோஜி முன்வைத்த செல்வச் சுரண்டல் கோட்பாட்டைச் சென்னை மாகாணத்தின் கணக்குகளைக் கொண்டு விளக்கியவர்களுள் அவர் முதன்மையானவர். இந்தியாவின் செலவினங்களை ஆராய அமைக்கப்பட்ட வெல்பி ஆணையத்தின் முன் சான்றுரைக்க, 1897இல் கோபால கிருஷ்ண கோகலே, சுரேந்திரநாத் பானர்ஜி, தின்ஷா வாச்சா ஆகியோருடன் அவரும் இலண்டன் சென்றார். ஓர் இதழாசிரியரின் சான்றுரையைப் பேரரசின் ஆணையம் கேட்கவேண்டிய நிலை உருவானதற்கு, அவர் எண்களைப் பிழையின்றிக் கையாண்டதே காரணம்.

எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1884இல் சென்னை மகாஜன சபையைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். 1885 திசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசு மாநாட்டில், இந்திய ஆட்சிமுறையை ஆராய ஓர் ஆணையம் வேண்டும் என்னும் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே.

அவருடைய எழுத்து எப்போதும் அளவோடு இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஊழல் அலுவலர்களைப் பற்றியும் செல்வாக்குடையோரைப் பற்றியும் அவர் எழுதியவை சில அவதூறு வழக்குகளுக்கு இடமளித்தன. வழக்குச் செலவுகள் இதழின் பொருள்நிலையைக் குலைத்தன. அவதூறு வழக்குக்கும் லிட்டனின் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே கருதத்தக்கது. அவதூறு வழக்கில் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வருகிறார், எழுதியவரும் வருகிறார், இருவரையும் கேட்டு நீதிபதி முடிவு செய்கிறார். எழுதியது உண்மையென மெய்ப்பிக்கும் வாய்ப்பு ஆசிரியருக்கு உண்டு. அவ்வகைக் கட்டுப்பாட்டை எந்த நல்ல இதழும் ஏற்கவேண்டும். அரசே கட்சிக்காரராகவும் அரசே நீதிபதியாகவும் அமர்வதுதான் இதழ்களால் ஏற்க இயலாதது.

தெரிந்து தெளிவோம்

விடுதலைக்குப் பின், நீதிபதி ஜி. எஸ். இராஜாத்யக்ஷா தலைமையிலான முதல் பத்திரிகை ஆணையம் (1952-1954), இதழ்களின் தரத்தைக் காக்க அரசு சாராத மன்றம் ஒன்று வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பத்திரிகை மன்றம் 1966, நவம்பர் 16 முதல் இயங்கத் தொடங்கியது. அந்நாளே தேசியப் பத்திரிகை நாளாகக் கொண்டாடப்படுகிறது. நெருக்கடிநிலைக் காலத்தில் கலைக்கப்பட்ட இம்மன்றம், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1979இல் மீண்டும் உருப்பெற்றது. செய்தியின் உண்மையைச் சரிபார்த்தல், பாதிக்கப்பட்டவரின் மறுப்பை வெளியிடுதல், தனிமனித வாழ்வில் தலையிடாமை முதலிய நெறிமுறைகளை இம்மன்றம் வகுத்துள்ளது. நெறி தவறிய இதழை எச்சரிக்கவும் கண்டிக்கவும் இதற்கு அதிகாரம் உண்டு. தண்டம் விதிக்கவோ சிறையிடவோ அதிகாரம் இல்லை.

இல்லமும் இதழும்

அரசின் சினத்தைத் தாங்குவதைவிடச் சொந்த வாசகரின் சினத்தைத் தாங்குவது ஓர் ஆசிரியருக்குக் கடினம். அரசை எதிர்க்கும்போது வாசகர் உடன் நிற்பர். வாசகரின் வழக்கத்தையே கேள்வி கேட்கும்போது உடன் நிற்க எவரும் இரார்.

இளம் வயதில் மணம் செய்வித்தலையும், கணவனை இழந்த சிறுமியர் வாழ்நாள் முழுதும் ஒதுங்கியிருக்க வேண்டும் என்னும் வழக்கத்தையும் சுப்பிரமணிய ஐயர் இடைவிடாது கண்டித்து எழுதினார். கைம்பெண் மறுமணத்தை வற்புறுத்தினார். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோரின் உயர்வுக்காகவும் எழுதினார். 'தி இந்து'வுக்குச் சந்தா செலுத்தியவர்களுள் பெரும்பாலோர் மரபைப் போற்றிய உயர்குடியினர். அவர்களுக்கு இவ்வெழுத்து உவப்பாக இல்லை.

அவருடைய மகளே சிறு வயதில் கணவரை இழந்தவர். ஊருக்கு உரைத்ததைத் தம் வீட்டில் செய்து காட்டவேண்டிய இடத்தில் அவர் நின்றார். 1889இல் பம்பாயில் காங்கிரசு மாநாடு கூடியபோது, அந்நகரில் தம் மகளுக்கு மறுமணம் செய்வித்தார். உறவினரும் சாதியினரும் அக்குடும்பத்தை ஒதுக்கிவைத்தனர். நண்பர்கள் பலர் விலகினர். அவர் அதன் பின்னும் அப்பொருளைப் பற்றி எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதும் உரிமை அவருக்கு முன்னிலும் மிகுந்தது எனலாம்.

வழக்குச் செலவும் வாசகரின் மனக்கசப்பும் சேர்ந்து இதழின் வருவாயைப் பாதித்தன. நிருவாகத்தைக் கவனித்த வீரராகவாச்சாரியாருக்கும் ஆசிரியருக்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றியது. இருபது ஆண்டுகள் தாம் வளர்த்த 'தி இந்து'வை விட்டு 1898இல் சுப்பிரமணிய ஐயர் வெளியேறினார். தம் கருத்தைச் சற்றுத் தணித்துக்கொண்டிருந்தால் அவர் வெளியேற நேர்ந்திராது. வீரராகவாச்சாரியாரைக் குறைசொல்வதும் பொருந்தாது. தாளுக்கும் மைக்கும் தொழிலாளர் ஊதியத்துக்கும் திங்கள்தோறும் பணம் கொடுக்கவேண்டியவர் அவரே. கொள்கையும் கணக்குப் புத்தகமும் மோதும் இடம் இதழ் நடத்துவோர் அனைவரும் அறிந்த இடமாகும். 1905இல் அவ்விதழைக் கஸ்தூரி ரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்கு வாங்கினார்.

தமிழுக்கு ஒரு நாளிதழ்

ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தபோதே, 1882இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழைச் சுப்பிரமணிய ஐயர் தொடங்கியிருந்தார். 'தி இந்து'வை விட்டு விலகியபின் தம் முழு ஆற்றலையும் அதற்கே அளித்தார். 1899இல் அது நாளிதழாயிற்று. தமிழில் அன்றாடச் செய்தியும் அரசியல் கருத்தும் நாள்தோறும் கிடைக்கும் நிலை அப்போதுதான் வந்தது.

அதன் அருமையை உணர அக்காலத் தமிழ்நாட்டை நினைத்துப் பார்க்கவேண்டும். சென்னையிலிருந்து பல்லாவரம், தாம்பரம், வண்டலூர், செங்கற்பட்டு வழியே தென்மாவட்டங்களுக்குச் செல்லும் இருப்புப்பாதை அமைந்து அதிக காலம் ஆகவில்லை. தாம்பரம் அன்று ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1931இல்தான். சென்னையில் அச்சான இதழ் தஞ்சையையும் மதுரையையும் திருநெல்வேலியையும் அடைய அஞ்சலையும் அத்தெற்குப் பாதையையும் நம்பியிருந்தது. எழுத்தறிந்தவர் மிகச் சிலரே. ஆதலால் ஒருவர் படிக்கச் சூழ இருப்போர் கேட்பர். ஒரு படி ஒரு திண்ணைக்குப் போதுமானதாக இருந்தது. இன்று அதே பாதையில் தாம்பரத்துக்குத் தெற்கே மறைமலைநகரில் பெரிய சுழல் அச்சுப்பொறிகள் நாளிதழ்களை அச்சிடுகின்றன. விடியும் முன்னரே கட்டுகள் வண்டியேறிவிடுகின்றன.

உலகச் செய்திகள் தந்தியில் ஆங்கிலத்தில் வந்தன. நாடாளுமன்றம், வரவுசெலவுத் திட்டம், குடியுரிமை போன்ற கருத்துகளுக்குத் தமிழில் நிலைபெற்ற சொற்கள் இல்லை. வடமொழிச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் கலந்த நடையே அன்று வழங்கியது. சுப்பிரமணிய ஐயர் தமிழ்ப் புலவர் அல்லர். ஆங்கிலத்தில் சிந்தித்து எழுதிப் பழகியவர் அவர். 'சுதேசமித்திரன்' நடையில் அக்கலப்பு மிகுதியாகவே இருந்தது. எனினும் நிலவரியையும் படைச்செலவையும் உழவர் ஒருவருக்கு விளங்கும்படி தமிழில் எழுதமுடியும் என்பதை அவ்விதழ் நிறுவியது. அவர் ஊர் ஊராகச் சென்று தமிழில் அரசியல் சொற்பொழிவு நிகழ்த்தியதும் அக்காலத்தில் புதுமை. படித்தவர் மேடையேறினால் ஆங்கிலத்தில் பேசுவதே அன்றைய வழக்கம்.

1904ஆம் ஆண்டு நவம்பரில், மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய இருபத்தோரு அகவை இளைஞர் ஒருவர் 'சுதேசமித்திரன்' துணையாசிரியராகச் சேர்ந்தார். அவர் சுப்பிரமணிய பாரதியார். ஆங்கிலத் தந்திச் செய்திகளை நாள்தோறும் தமிழாக்குவது அவர் பணி. எளிய சொல், குறுகிய தொடர், பொருள் பிறழாமை ஆகியவற்றை நாள்தோறும் வற்புறுத்தும் பயிற்சிக்களமாக அவ்வலுவலகம் பாரதியாருக்கு அமைந்தது. சப்பான் உருசியாவை வென்ற போரின் செய்திகள் நாடெங்கும் ஆர்வத்தைக் கிளப்பிய ஆண்டுகள் அவை. 1906இல் 'இந்தியா' வார இதழ் தொடங்கியபோது பாரதியாரின் எழுதுகோல் தன் முழு வேகத்தைக் காட்டியது. அவ்வேகத்துக்குப் பின்னே 'சுதேசமித்திரன்' தந்த பயிற்சி இருந்தது.

1908

வங்கப் பிரிவினைக்குப் பின் நாட்டின் அரசியல் சூடேறியது. விண்ணப்பத்திலும் எண்களிலும் நம்பிக்கை வைத்திருந்த சுப்பிரமணிய ஐயரின் எழுத்தும் கடுமையடைந்தது. முப்பது ஆண்டுகள் சான்றுகாட்டி எழுதியும் ஆட்சி அசையாததைக் கண்ட ஒருவரிடம் இம்மாற்றம் வியப்பன்று.

அரசின் கையில் இப்போது கூரிய கருவிகள் இருந்தன. 1870இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124அ பிரிவு இராசத்துரோகத்தைக் குற்றமாக்கியது. அப்பிரிவின்படி 1897இல் 'கேசரி' இதழில் எழுதியதற்காகத் திலகருக்குப் பதினெட்டுத் திங்கள் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அப்பிரிவு மேலும் விரிவாக்கப்பட்டு, அரசின்மீது வெறுப்போ அவமதிப்போ விளைவிக்கும் எழுத்தும் குற்றம் என்றாயிற்று. வெறுப்பு எங்கே தொடங்குகிறது, கண்டனம் எங்கே முடிகிறது என்பதை அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. அளவுகோல் இல்லாத சட்டம் எழுதுபவரின் மனத்துக்குள் புகுந்துகொள்ளும். ஒவ்வொரு தொடரையும் அவரே அஞ்சி அழிப்பார்.

1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. சூலையில் வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதே திங்களில் திலகர் ஆறு ஆண்டு நாடு கடத்தல் தண்டனை பெற்றார். சூன் திங்களில் புதிய இதழ்ச்சட்டம் ஒன்றும் வந்தது. வன்செயலைத் தூண்டும் எழுத்து வெளியாயின் அச்சகத்தையே பறிமுதல் செய்ய அது வழிசெய்தது. ஆகஸ்டில் சென்னை அரசு இதழ்களின் பக்கம் திரும்பியது. 'இந்தியா' இதழின் பதிவுபெற்ற பொறுப்பாளரான சீனிவாசன் கைதாகி ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். உடல்நலம் குன்றிக் குற்றாலத்தில் ஓய்விலிருந்த சுப்பிரமணிய ஐயர், 'சுதேசமித்திரன்' கட்டுரைகளுக்காக இராசத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார்.

அவருக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. தோல்நோய் முற்றி உடல் நலிந்திருந்தது. இதழ் அவர் ஒருவரை நம்பி நின்றது. இனி அவ்வாறு எழுதுவதில்லை என்னும் உறுதிமொழி பெறப்பட்ட பின் அவர் விடுவிக்கப்பட்டார், வழக்குக் கைவிடப்பட்டது. 1878இல் அச்சிடுபவரிடம் லிட்டனின் அரசு கேட்ட அதே பிணைமுறி, முப்பது ஆண்டுகள் கழித்து, இந்தியாவின் மூத்த இதழாசிரியர்களுள் ஒருவரிடமிருந்து பெறப்பட்டது.

இதனைப் பின்வாங்கல் என்று கூறுவோர் உண்டு. செக்கிழுத்த வ. உ. சி.யோடு ஒப்பிட்டால் அப்படித் தோன்றவும் கூடும். ஒருவருடைய உடல்வலிமையைக் கொண்டு அவர் கொள்கையை அளப்பது முறையன்று. மேலும் அவர் சிறை சென்றிருந்தால் 'சுதேசமித்திரன்' நின்றிருக்கலாம். தமிழில் நாள்தோறும் செய்தி தந்த அவ்விதழ் தொடர்ந்து வந்தது என்பதையும் மறத்தலாகாது. எனினும் அதன் குரல் தாழ்ந்தது. நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பும் இல்லாமல், எழுதியது உண்மையா பொய்யா என்னும் ஆராய்ச்சியும் இல்லாமல், ஓர் இதழின் குரலைத் தாழ்த்திவிட முடிந்தது. அரசு விரும்பியது அதுவே.

இரண்டு ஆண்டுகளில், 1910இல், இன்னும் கடுமையான இதழ்ச்சட்டம் வந்தது. புதிதாக அச்சகம் தொடங்குவோர் 500 ரூபாய் முதல் 2000 ரூபாய் வரை பிணைத்தொகை கட்டவேண்டியதாயிற்று. ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி ஆறு இளைஞர்கள் முதல் இதழை அச்சிட்ட நகரில், வாய் திறக்கும் முன்பே அதைப்போல் ஏறத்தாழ 285 மடங்கு பணம் வைக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. இச்சட்டம் பொய்ச்செய்தியைத் தடுத்ததா என்றால் இல்லை. பொருள்வசதி உடையவர் பணத்தைக் கட்டிவிட்டு விரும்பியதை எழுதலாம்; பணம் இல்லாதவர் உண்மையையும் எழுத இயலாது. இதழ்களின் தரத்துக்கும் இவ்வகைச் சட்டத்துக்கும் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இறுதி ஆண்டுகள்

நோய் நாளுக்குநாள் முற்றியது. ஊர்தோறும் சென்று பேசிய அவரால் வெளியே செல்லவும் இயலவில்லை. 1915இல் 'சுதேசமித்திரன்' அ. ரங்கசாமி ஐயங்காரின் பொறுப்புக்கு மாறியது. 1916, ஏப்பிரல் 18ஆம் நாள் சுப்பிரமணிய ஐயர் காலமானார். அறுபத்தொரு ஆண்டு வாழ்வில் முப்பத்தேழு ஆண்டுகள் அவர் இதழாசிரியராக இருந்தார். அவர் தோற்றுவித்த இரண்டு இதழ்களும் அவருக்குப் பின்னும் வெளிவந்தன.

புதுச்சேரியிலிருந்து திரும்பிய பாரதியார், 1920இல் மீண்டும் 'சுதேசமித்திரன்' துணையாசிரியரானார். இளைஞராகத் தந்திச் செய்திகளைத் தமிழாக்கிய அதே இதழில் மறுபடியும் எழுதினார். 1921 செப்டம்பரில் அவர் மறையும்வரை அப்பணி நீடித்தது. 1908, 1910ஆம் ஆண்டுகளின் இதழ்ச்சட்டங்கள் அப்போதும் நடைமுறையில் இருந்தன. தேஜ் பகதூர் சாப்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1922இல் அவ்விரண்டும் நீக்கப்பட்டன.